அச்சத்தின் நடுவே விசுவாசம்: மடுவும் கண்டியும் கொச்சிக்கடையும் உணர்த்துவது

துன்பம் வந்து சூழும்போது "கடவுள் எங்கே?" என்ற வினா எழாத வீடு எமது நாட்டில் இல்லை எனலாம். மூன்று தசாப்த காலப் போர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள், அதனைத் தொடர்ந்து வந்த கொவிட் பெருந்தொற்று, 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி என ஒன்றன்பின் ஒன்றாக அவலங்களைக் கண்ட மக்கள் நாம். இவ்வாறான வேளைகளில் சமயத் தலைவர்கள் "இறைவனில் நம்பிக்கை வையுங்கள்" என்று கூறுவதைக் கேட்கின்றோம். ஆறுதலாக ஒலிக்கும் இவ்வார்த்தைகள், பிள்ளையை இழந்த தாய்க்கு வெறும் வார்த்தைகளாகவே தோன்றக்கூடும். எனவே, அச்சமும் அல்லலும் மிகுந்த காலத்தில் நம்பிக்கை என்பதன் உண்மையான பொருள் யாது என்பதைக் கிறிஸ்தவ மரபை முன்வைத்து, அதிலும் எமது மண்ணில் வேரூன்றிய அம்மரபின் வரலாற்றை முன்வைத்து நோக்குவது பயனுடையதாகும்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்றையும் தலையாய புண்ணியங்களாகத் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து வந்துள்ளனர். பிற சமயத்தவர் விசுவாசத்தையும் நம்பிக்கையையும் ஒன்றாகவே கருதக்கூடும். ஆயினும், அன்றாடத் தமிழில் விசுவாசம் என்பது பற்றுறுதியையும் கைவிடாமையையும் சுட்டுவதாகும். விசுவாசமுள்ள நண்பன் என்று நாம் கூறும்போது, நல்ல காலத்தில் மாத்திரமன்றிக் கெட்ட காலத்திலும் உடனிருப்பவனையே கருதுகின்றோம். கிறிஸ்தவ விசுவாசத்தின் மையப் பொருளும் இதுவே. கடவுள் மனிதனைக் கைவிடுவதில்லை, ஆகவே மனிதனும் தன் அயலவனைக் கைவிடலாகாது என்ற இருபக்க உறவு அது. எந்தத் தீங்கும் தன்னை அணுகாது என்ற உத்தரவாதம் அதில் அடங்கியிருக்கவில்லை.

விவிலியத்தை வாசிப்போர் இதனை எளிதில் உணர்வர். அதிலுள்ள 150 சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்களாகும். "ஏன் மறந்தீர்?" என்று கடவுளிடமே முறையிடும் குரலை அவற்றில் கேட்கலாம். பெரும்பாலான கிறிஸ்தவ வீடுகளின் மரணச் சடங்குகளில் வாசிக்கப்படும் 23ஆம் சங்கீதம், இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு இல்லையென்று கூறவில்லை. அப்பள்ளத்தாக்கின் வழியே நடப்பவன் தனியே நடக்கவில்லை என்றே கூறுகின்றது. இயேசுவும் தம் மரணத்துக்கு முந்திய இரவில் ஜெத்சமனித் தோட்டத்தில் கலங்கினார். துன்பத்தின் கிண்ணம் தம்மைவிட்டு அகலாதா என வேண்டினார். அவர் கொல்லப்பட்ட பின்னர் சீடர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு அச்சத்தோடு ஒடுங்கியிருந்தனர் என்பதையும் நற்செய்தி மறைக்கவில்லை. அச்சப்படுவது விசுவாசத்துக்கு முரணான பாவமெனின், அந்நூலின் பெரும் பகுதியை நீக்கிவிட வேண்டியிருக்கும். அச்சம் மனிதனுக்கு இயல்பானது. அந்த அச்சத்துக்கு எமது செயல்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை வழங்குகின்றோமா என்பதே கேள்வி.

இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாறு இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறாகும். அதனை நேர்மையாகச் சொல்வதாயின், அச்சத்தை விளைவித்தவர்களின் வரிசையில் கிறிஸ்தவ ஆட்சியாளரும் இருந்தனர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடித்துத் தகர்க்கப்பட்டது. 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும்படி அவர்கள் ஆணையிட்டனர். அவ்வாறு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையானோரைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியமர்த்தினான். அடைக்கலம் தேடிவந்தவரின் சமயத்தைப் பார்க்காது இடமளித்த அச்செயல், பின்னொரு காலத்தில் கத்தோலிக்கருக்கும் தேவைப்படப் போகின்றது என்பதை அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியதும் காட்சி மாறியது. சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைச் சேர்ந்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைப் போர்த்துக்கேயரின் கையாட்களாகவே நோக்கினர். குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு மறைவிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தேவாலயங்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. திருமணமும் வாரிசுரிமையும் பதவிகளும் அச்சபையின் பதிவேடுகளோடு பிணைக்கப்பட்டன. இதனால் கத்தோலிக்கர் மாத்திரமன்றி இந்துக்கள் பலரும் வெளித்தோற்றத்துக்கு அச்சபையினராகப் பெயர் பதிந்து வாழ நேரிட்டது. சமயத்தின் பேரால் அச்சுறுத்தப்படுவது எத்தகையது என்பதை இத்தீவின் எல்லாச் சமூகங்களும் முறைவைத்து அனுபவித்துள்ளன என்று கூறின் மிகையாகாது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிலையான குருமார் எவரும் இல்லாத அக்காலத்தில் கத்தோலிக்க விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் சாதாரண மக்களாவர். மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தனர், ஞானஸ்நானம் வழங்கினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். இவர்களுள் பெரும்பாலானோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காதிருந்ததே பெரும் சாதனையாகும். ஒரு வீட்டில் நடைபெறும் செபம் அடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் இருப்பது எமது கிராமங்களில் அரிது. அயலவர் வாய் திறக்காதிருந்தமையாலேயே அச்செபம் தொடர்ந்தது.

இந்த மக்களைத் தேடி 1687ஆம் ஆண்டில் ஒருவர் வந்து சேர்ந்தார். கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளாரே அவர். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்த அவர், குருவானவர் என்று அறியப்பட்டால் உயிராபத்து என்பதனால் கூலியாளைப் போல உடையணிந்து, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தார். வந்தவுடன் கடும் நோய்வாய்ப்பட்டார். கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அதனை இனங்காணும் கண்கள் எங்குள்ளன என அறிந்துகொண்டார் என்று மரபு கூறுகின்றது. சில்லாலையைத் தளமாகக்கொண்டு இரவு வேளைகளில் அவர் பணியாற்றினார். 1689ஆம் ஆண்டின் நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் நடத்திய தேடுதலில் கத்தோலிக்கர் பலர் கைதாகித் துன்புறுத்தப்பட்டனர். அவரோ அகப்படவில்லை.

பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்த வாஸ் அடிகளார், போர்த்துக்கேய ஒற்றர் என்ற குற்றச்சாட்டின் பேரில் சிறையிலிடப்பட்டார். ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் ஒருவர் தடுத்து வைக்கப்படுவது எமது வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. அவர் சிறையிலிருந்தவாறே சிங்கள மொழியைக் கற்றுக்கொண்டார். தம்மைச் சிறையிட்டவர்களின் மொழியைக் கற்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆயினும், அச்சம் மேலோங்கிய மனம் அவ்வாறு செய்வதில்லை. அது தன்னைச் சுற்றி மேலும் ஒரு மதிலையே எழுப்பிக்கொள்ளும்.

1697ஆம் ஆண்டில் கண்டி நகரை வைசூரி எனப்படும் பெரியம்மை தாக்கியபோது அவருடைய விசுவாசம் யாவரும் காணக்கூடிய வடிவம் பெற்றது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டு நீங்கினான். வசதியுள்ளோரும் வெளியேறினர். நோயுற்றோர் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். தடுப்பூசியோ மருந்தோ இல்லாத காலம் அது. வாஸ் அடிகளாரும் அவருடன் இருந்த யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கி, கைவிடப்பட்டோருக்கு உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற பேதம் அங்கு பார்க்கப்படவில்லை. ஒற்றர் என்று ஐயுறப்பட்டவர் மன்னனின் மதிப்புக்குரியவரானார். மன்னன் தன் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு ஆளான கத்தோலிக்கருக்குக் கண்டி இராச்சியம் அடைக்கலமாகத் தொடர்ந்தது. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி வாஸ் அடிகளார் கண்டியிலேயே காலமானார். 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகவும் பிரகடனப்படுத்தினர்.

அன்றைய தினமே பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கும் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. மடு மாதாவின் திருச்சுரூபமும் அச்சத்தின் காலத்தில் இடம்பெயர்ந்த ஒன்றாகும். மாந்தையிலிருந்த அச்சுரூபத்தை ஒல்லாந்தரின் கையில் அகப்படாமல் மக்கள் சுமந்துகொண்டு காட்டுவழியே சென்று, 1670ஆம் ஆண்டளவில் மருதமடுவில் வைத்தனர் என்பது மரபு வழிச் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கு சேர்ந்துகொண்டனர். ஆகவே, மடுத் திருத்தலம் தொடக்கத்தில் ஓர் அகதி முகாமாகவே இருந்தது எனின் அது பொருத்தமானதே.

வரலாறு மீண்டும் அவ்விடத்துக்கே திரும்பியது. 1990ஆம் ஆண்டில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான மக்கள் மடுவில் தஞ்சமடைந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி அத்தலத்தின் மீது வீழ்ந்த ஷெல்களினால், அங்கு அடைக்கலம் புகுந்திருந்த சிறுவர்கள் உட்படச் சுமார் 40 பேர் கொல்லப்பட்டனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கி வந்த நிலையில் திருச்சுரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் மடுவுக்குக் கொண்டுவரப்பட்டது. சுரூபமே இடம்பெயர்ந்த வரலாற்றைக் கொண்ட மக்களிடம், விசுவாசம் உள்ளவனுக்குத் தீங்கு நேராது என்று எவரும் போதிக்க முடியாது. கோவிலுக்குள்ளேயே ஷெல் விழுவதை அவர்கள் கண்டுள்ளனர். எனினும் ஆண்டுதோறும் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் அங்கு கூடுகின்றனர். கடவுள் தம்மோடு இடம்பெயர்ந்தார் என்பதே அவர்களது விசுவாசம்.

உடனிருத்தல் என்ற இக்கருத்துக்கு எமது காலத்திலும் சாட்சிகள் உண்டு. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது ஷெல்கள் வீழ்ந்து பலர் மாண்டனர். பங்குத் தந்தையான ஜிம் பிறவுண் அடிகளார், காயமடைந்தோரையும் எஞ்சியோரையும் ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் செல்வதில் முன்னின்றார். ஓகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிக்குச் சென்ற அவரும் அவருடன் சென்ற உதவியாளரும் காணாமற்போயினர். அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பது இன்றுவரை வெளிப்படுத்தப்படவில்லை. அவருக்கு அச்சம் இருக்கவில்லை என்று கூறுவதற்கு எமக்கு ஆதாரமில்லை. அச்சம் அவரைத் தடுக்கவில்லை என்பதற்கே ஆதாரம் உண்டு.

இனி, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதிக்கு வருவோம். அன்று உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டிடங்களும் கொழும்பின் ஹோட்டல்களும் தற்கொலைக் குண்டுதாரிகளால் தாக்கப்பட்டன. 260 பேருக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். சீயோன் தேவாலயத்தில் பலியானோருள் சிறுவர்கள் பலர் அடங்குவர். கிறிஸ்தவர் மரணத்தை வென்ற உயிர்ப்பைக் கொண்டாடும் நாளிலேயே மரணம் ஆலயத்துக்குள் நுழைந்தது.

அடுத்த ஞாயிறு நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி நடைபெறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்தின் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியிலேயே கண்டனர். ஆலயக் கதவுகளை மூடியது விசுவாசக் குறைவா எனச் சிலர் வினவினர். அவ்வாறு கூறவியலாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனில் பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை எமது முஸ்லிம் வாசகர்கள் அறிவர். தவக்குல் என்பது முன்னெச்சரிக்கையை விலக்குவதில்லை. கிறிஸ்தவ மரபும் இதே நிலைப்பாட்டையே கொண்டுள்ளது. கடவுளைச் சோதிக்கலாகாது என்பது இயேசு வனாந்தரத்தில் அளித்த விடையாகும்.

உண்மையான சோதனை வேறிடத்தில் இருந்தது. குண்டுதாரிகளின் பெயர்கள் முஸ்லிம் பெயர்களாயிருந்தமையால், முழு முஸ்லிம் சமூகத்தையும் பகைவராகக் காணத் தூண்டும் குரல்கள் எழுந்தன. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தாக்குதலைக் கண்டித்ததுடன், குண்டுதாரிகளின் உடல்களைத் தாம் பொறுப்பேற்கப் போவதில்லை எனவும் அறிவித்தது. பழிவாங்கலில் இறங்க வேண்டாமென்று கர்தினால் தம் மக்களை வேண்டிக்கொண்டார். மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பில் பதற்றம் ஏற்பட்டபோதும் முஸ்லிம்களுக்குத் தீங்கு செய்யலாகாது என்று அவர் கேட்டுக்கொண்டார். இருந்தும் மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். ஏப்ரலில் கிறிஸ்தவத் தாய்மார் அனுபவித்த அச்சத்தை மே மாதத்தில் முஸ்லிம் தாய்மார் அனுபவித்தனர்.

அச்சம் எமக்காகத் தீர்ப்பு எழுத அனுமதிக்கப்பட்டால், அது குற்றவாளியை விட்டுவிட்டு அயலவனையே தண்டிக்கும். ஒல்லாந்தர் கத்தோலிக்கர் ஒவ்வொருவரையும் போர்த்துக்கேயரின் ஆளாகக் கண்டது இந்த அச்சத்தினாலேயே. கண்டி அரசவை வாஸ் அடிகளாரை ஒற்றராகக் கண்டதும், போர்க் காலத்தில் தமிழர் ஒவ்வொருவரும் சோதனைச் சாவடிகளில் சந்தேக நபரானதும், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் இதே பட்டியலில் சேர்வனவாகும். இந்தத் தீர்ப்பை மாற்றி எழுதும் ஆற்றல் விசுவாசத்துக்கு உண்டா என்பதே, சமய நம்பிக்கையைப் பேசும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

இங்கு மற்றொரு தவறான விளக்கத்தையும் சுட்டிக்காட்டுவது எமது கடமையாகும். "எல்லாம் இறைவன் சித்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தை பாதிக்கப்பட்டோரின் வாயை அடைப்பதற்குப் பயன்படுத்தப்படுவதுண்டு. விசுவாசம் நீதிக்கு மாற்றீடாகாது. காலஞ்சென்ற மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றி, வன்னியின் மக்கள் தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். செபமாலையை ஏந்திய கைகளே அந்தக் கணக்கையும் ஏந்தின. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பில் கத்தோலிக்கத் திருச்சபை வருடக்கணக்காக உண்மையைக் கோரி வந்துள்ளது. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. மன்னிப்பும் நீதிக் கோரிக்கையும் ஒன்றையொன்று மறுப்பவையென எண்ணுவது தவறாகும். பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டவனாலேயே நிதானமாக உண்மையைக் கேட்க முடியும்.

இவ்வளவும் கூறிய பின்னரும், பிள்ளையை இழந்த தாயின் வினாவுக்கு நாம் விடை கூறிவிட்டதாக எண்ணவில்லை. அவ்வினாவுக்கு நேரடி விடையைக் கிறிஸ்தவ மரபும் வழங்கவில்லை. யோபுவின் கதையில், அவனது துன்பத்துக்குக் காரணம் விளக்க முற்பட்ட நண்பர்களே இறுதியில் கண்டிக்கப்படுகின்றனர். தொடக்கத்தில் ஏழு நாட்கள் அவனருகே வாய் பேசாது அமர்ந்திருந்தபோதுதான் அவர்கள் உண்மையில் நண்பர்களாயிருந்தனர். எமது செத்தவீடுகளில் முற்றத்துப் பந்தலின் கீழ் இரவிரவாக அமர்ந்திருக்கும் அயலவர் வழக்கமும் இதே ஞானத்தைக் கொண்டதே.

பல்லவ மன்னனின் ஆணைக்கு அஞ்சாது நின்ற திருநாவுக்கரசரைப் போற்றும் சைவ மக்களுக்கும், தவக்குலைத் தம் வாழ்வின் அச்சாணியாகக் கொண்ட முஸ்லிம் மக்களுக்கும் இக்கருத்துக்கள் அந்நியமானவையல்ல. கொச்சிக்கடை அந்தோனியார் சந்நிதியில் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றுவோரிடையே எல்லாச் சமயத்தவரையும் காணலாம். அவரவர் வேண்டுதல் வேறு, அச்சம் ஒன்றே. மீண்டும் ஒரு நெருக்கடி எமது வாசலுக்கு வரும்போது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி "நீங்கள் நலமா?" என்று கேட்கும் துணிவு எமக்கு இருக்குமாயின், கண்டியின் காட்டோரத்தில் 1697இல் இரு குருமார் காட்டிய விசுவாசம் இந்நாட்டில் இன்னும் அணையவில்லை என்று நாம் துணிந்து கூறலாம்.